தமிழில் பொது அறிவு வினாடி வினா நடத்துவது எப்படி: கேள்வி தயாரிப்பதிலிருந்து மேடை வரை

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பொங்கல் கொண்டாடும் எந்த அபார்ட்மென்ட்டிலும் கோலப் போட்டி இருக்கும், உறியடி இருக்கும், சாயங்காலம் பிள்ளைகளின் நடனம் இருக்கும். நோட்டீஸில் வினாடி வினாவும் இருக்கும். அதை மட்டும் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து இணையத்திலிருந்து ஐம்பது கேள்வியை இறக்கி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார். "உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது? மனித உடலில் எத்தனை எலும்புகள்?" என்று கேட்கத் தொடங்கியதும், தெரிந்த இரண்டு பேர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் மெல்ல எழுந்து வடை இருக்கும் பக்கம் போய்விடுவார்கள்.

அல்சூர் பக்கம் சில வருடங்களாக இந்தப் போட்டியை நடத்தி வருகிறேன். கூட்டம் கலைவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை, கேள்விதான். "தெரியுமா, தெரியாதா" என்று மட்டும் பார்க்கிற கேள்வி, தெரியாதவரை அந்த இடத்திலேயே வெளியே தள்ளிவிடுகிறது. நல்ல கேள்விக்கு இரண்டு வாசல் வேண்டும். விஷயம் தெரிந்தவர் நேர் வாசல் வழியாக வரட்டும். தெரியாதவர் யோசித்து, கேள்வியிலேயே இருக்கும் துப்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வரட்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் படி: எதிரே உட்காரப் போகிறவர்களைப் பாருங்கள்

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். பேனாவை எடுக்கும் முன், வரப்போகிறவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் ஐடியில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாக அல்சூரிலேயே இருப்பவர்கள் உண்டு. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய், பிறகு பெங்களூருக்கு வந்த குடும்பங்களும் உண்டு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் இந்தியும் படிக்கிற பிள்ளைகள்தான் பாதிக் கூட்டம். அவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் காதால் கேட்டால் எல்லாம் புரியும்.

இந்தக் கூட்டத்தை அணியாகப் பிரிக்கும்போது ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். அணிக்கு மூன்று பேர், அதில் பதினைந்து வயதுக்குக் கீழே ஒருவர், ஐம்பதுக்கு மேலே ஒருவர் கட்டாயம். ஒரே அலுவலகத்து நண்பர்கள் மூவர் ஒரு அணியாக உட்கார்ந்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். பாட்டியும் பேரனும் ஒரே பக்கம் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

இரண்டாம் படி: பாடங்களைப் பிரிப்பது

ஒன்றரை மணி நேரப் போட்டிக்கு முதல் சுற்றில் இருபது, இறுதிச் சுற்றில் முப்பது கேள்விகள் போதும். கையிருப்பாகப் பத்து வைத்துக்கொள்ளுங்கள். வரலாறு, அறிவியல், மொழி, ஊர்கள், விளையாட்டு, சாப்பாடு என்று கலந்து கொடுங்கள். தொடர்ந்து இரண்டு கேள்வி ஒரே துறையில் வரக் கூடாது. சினிமாவை ஆறில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள், கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். நடப்புச் செய்தியும் அளவோடு போதும்.

மூன்றாம் படி: கேள்வியைச் செதுக்குவது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம்.

"சர் சி.வி. இராமன் நோபல் பரிசு பெற்ற ஆண்டு எது?" விடை 1930. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் சும்மா இருப்பார். யோசிக்க இதில் ஒன்றும் இல்லை. ஆண்டைக் கேட்கும் கேள்வி எல்லாமே அநேகமாக இப்படித்தான். ஆண்டை விடையாக வைக்காமல் துப்பாக வையுங்கள்.

அதே மனிதரை இப்படிக் கேட்கலாம்: "1954-ல் பாரத ரத்னா முதன்முதலாக மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டது. ஒருவர் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்த அரசியல் தலைவர். இன்னொருவரின் பிறந்தநாளில் நாம் ஆசிரியர்களை வாழ்த்துகிறோம். திருச்சியில் பிறந்த மூன்றாமவர் கடைசிவரை பெங்களூரில் வாழ்ந்தார், அவர் தொடங்கிய ஆய்வு நிலையம் சதாசிவ நகரில் இருக்கிறது. மூவரும் யார்?" ராஜாஜி, ராதாகிருஷ்ணன், இராமன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் தினம் தெரியும். தாத்தாவுக்கு ராஜாஜி தெரியும். மேக்ரி சர்க்கிள் வழியாக ஆபீஸ் போகிறவர் இராமன் ஆய்வு நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கக்கூடும். மூவரும் பேசினால்தான் முழு விடை வரும். ஒரு கேள்வி ஒரு அணியையே பேச வைத்துவிடுகிறது.

இப்படிச் செதுக்க எனக்குக் கைகொடுத்த சில வழிகள் இருக்கின்றன.

சொல்லைத் தோண்டுங்கள். மொழிக் கேள்விகள் மாதிரி எல்லா வயதுக்கும் பொருந்துபவை வேறு கிடையாது. "ஒரு காரம் வருவதற்கு முன்பே வேறொரு காரம் நம் அடுப்படியில் இருந்தது. பின்னால் வந்தது, முன்னால் இருந்ததன் பெயரைக் கடன் வாங்கி, கடைசியில் ஒரு 'காய்' சேர்த்துக்கொண்டது. எது?" மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அவர்களை வைத்தே இன்னொன்று: "ஜன்னலைச் சாத்தி, அலமாரியைப் பூட்டி, சாவியை எடுத்து வைத்தேன். இந்த வாக்கியத்தில் ஒரு ஐரோப்பிய மொழி மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது. எந்த மொழி?" விடை போர்ச்சுக்கீசு. கோவாவை ஆண்டவர்கள் என்று ஒரு துப்பைச் சேர்த்தால் பிள்ளைகளும் பிடித்துவிடுவார்கள்.

பெங்களூரில் நமக்கு ஒரு தனிச் செல்வம் இருக்கிறது. தமிழும் கன்னடமும் பக்கத்துப் பக்கத்தில் புழங்குகின்றன. பழைய சொற்களின் முதலில் தமிழில் 'ப' வரும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் 'ஹ' வருவது ஒரு ஒழுங்கு. பால் ஹாலு, பூ ஹூவு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு. இதை வைத்து ஒரு பொங்கலில் பார்வையாளர் கேள்வி ஒன்று கேட்டேன். "நாம் அல்சூர் என்கிறோம், கன்னடத்தில் ஹலசூரு. அந்தப் பெயரில் ஒரு பழம் ஒளிந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஹாலு என்றால் பால், ஹூவு என்றால் பூ. இப்போது சொல்லுங்கள், எந்தப் பழம்?" பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரல் விட்டுக்கொண்டே முணுமுணுத்தாள்: "ஹாலு பால்... ஹூவு பூ... ஹலசு... பலசு... பலா! ஆன்ட்டி, பலாப்பழம்!" அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆனால் மொழியியல்காரர்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு விதியை அந்த நிமிடம் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். அதன் பிறகு அரைமணி நேரம் பிள்ளைகள் எல்லோரும் ஹ-வை ப-வாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஹொஸூரு என்றால் புதூர் என்று ஒரு பையன் கண்டுபிடித்தபோது, ஓசூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார்.

அடுப்படியைக் கேளுங்கள். அறிவியல் கேள்வி என்றதும் அணு எண், வேதிக் குறியீடு என்று போக வேண்டாம். "சென்னையில் கொதிக்கும் தண்ணீர், பெங்களூரில் கொதிக்கும் தண்ணீர், எது அதிகச் சூடு?" பலர் சிரித்துக்கொண்டே "ரெண்டும் நூறு டிகிரிதான்" என்பார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் எடுப்பதற்கும் இதுதான் காரணம். இன்னொன்று: "வெள்ளை வேட்டியில் சாம்பார் பட்டது. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது. இதே மாற்றத்தை வைத்து நெற்றிக்கு வைக்கும் ஒரு பொருளைச் செய்வார்கள். எது?" குங்குமம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். சோப்பிலும் சுண்ணாம்பிலும் இருப்பது அந்தக் காரத்தன்மைதான். இந்தக் கேள்விக்குப் பாட்டிகள் பதில் சொல்லும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய செய்தியில் சின்ன ஊரைத் தேடுங்கள். சந்திரயான் பற்றி எல்லோரும் நாள், நேரம் கேட்பார்கள். நீங்கள் இப்படிக் கேளுங்கள்: "நிலவில் இறங்கும் கலத்தைப் பூமியில் சோதித்துப் பார்க்க நிலவு மண் போன்ற மண் இஸ்ரோவுக்கு வேண்டியிருந்தது. அனார்த்தோசைட் என்ற பாறை அதற்குப் பொருந்தியது. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன ஒரு தமிழ்நாட்டு மாவட்டத்தில் அது கிடைத்தது. எந்த மாவட்டம்?" நாமக்கல், அங்கே சித்தம்பூண்டிப் பகுதி. பாறை தெரியாதவருக்கும் முட்டை தெரியும்.

எழுதி முடித்ததும் கேள்வியைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். இருபது விநாடிக்குள் முடியவில்லை என்றால் வெட்டுங்கள். விடையின் ஒரு பகுதி கேள்விக்குள் தெரியாமல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காம் படி: சரிபார்ப்பது

இதில் சோம்பல் பட்டால் மேடையில் மானம் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தன் அப்பா அம்மா முன்னால் கேட்டுக்கொண்ட தவறான விடை, வாழ்நாள் முழுக்க அதன் மனசில் தங்கிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021-ல், வீட்டில் இருந்த பொது அறிவுப் புத்தகம் ஒன்றை நம்பி, தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று விடை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "ஆன்ட்டி, அப்போ எங்க தென்காசி?" என்றான். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என ஐந்து மாவட்டங்கள் பிறந்துவிட்டன. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு அந்த அணிக்கு மதிப்பெண் கொடுத்தேன். அன்றிலிருந்து எண்ணிக்கையைக் கேட்கும் எந்தக் கேள்வியையும் போட்டி நடக்கும் வாரத்தில் மறுபடி பார்க்காமல் மேடைக்கு எடுத்துப் போவதில்லை.

காலாவதியாகும் விடைகள் நிறைய உண்டு. செம்மொழிகள் எத்தனை என்றால் ஆறு என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2004-ல் தமிழில் தொடங்கிய அந்தப் பட்டியலில் 2024 அக்டோபரில் ஐந்து மொழிகள் சேர்ந்து 11 ஆகிவிட்டன. சனிக்கோளின் நிலவுகள் 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 கூடி 274 ஆயின. இந்த மாதிரிக் கேள்விகளில் "2025 நிலவரப்படி" என்று கேள்வியிலேயே தேதியைப் போட்டுவிடுங்கள், சண்டை வராது.

அடுத்தது, எல்லோரும் நம்பும் தவறுகள். இந்தியாவின் தேசிய மொழி இந்தி என்று எத்தனையோ கேள்வித்தாளில் பார்க்கலாம். அரசமைப்பில் தேசிய மொழி என்று ஒன்றே இல்லை. 343-ஆம் பிரிவு ஒன்றிய அரசின் அலுவல் மொழியைத்தான் சொல்கிறது, எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதும் இதே கதைதான், அரசு அப்படி எதையும் அறிவித்ததில்லை. இவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். "சரியா தவறா" சுற்றில் வையுங்கள், அரங்கமே பரபரப்பாகிவிடும்.

மூன்றாவது, கதையையும் சான்றையும் பிரித்துப் பார்ப்பது. பெங்களூர் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், வீர வல்லாள மன்னன் பசியோடு வந்தான், ஒரு பாட்டி அவித்த பயறு கொடுத்தாள், 'பெந்த காளு ஊரு' பெங்களூரு ஆனது என்பார்கள். அழகான கதை. ஆனால் வல்லாளன் 12-ஆம் நூற்றாண்டுக்காரன். பேகூர்க் கோயிலில் இருக்கும் வீரக்கல்லில் 'பெங்களூரு' என்ற பெயர் 9-ஆம் நூற்றாண்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் "பெயர்க் காரணம் என்ன" என்று கேட்காதீர்கள். "அவித்த பயறு கதை உண்மையாக இருக்க முடியாது என்று எந்த ஊர்க் கல் சொல்கிறது?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேகூர் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பியவர்கள் உண்டு.

'முதல்', 'மிகப் பெரிய', 'மிகப் பழைய' என்ற சொற்களைக் கண்டாலே நில்லுங்கள். ஆசியாவிலேயே முதலில் மின்விளக்கு எரிந்த தெரு பெங்களூரில்தான் என்று பலமுறை கேட்டிருப்போம். வேறு ஊர்களும் அந்தப் பெருமையைக் கோருகின்றன. பெங்களூருக்கு மின்சாரம் வந்தது 1905-ல். அதற்கு முன் நடந்தது இன்னும் சுவையானது: "1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் எடுத்த மின்சாரம் மைசூர் அரண்மனைக்கும் போகவில்லை, பெங்களூருக்கும் போகவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் தாண்டி ஒரு ஊருக்குப் போனது. எந்த ஊர்?" கோலார் தங்கவயல். ஆழமான சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கவும், ஆட்களையும் பாறையையும் மேலே தூக்கவும் அவ்வளவு சக்தி வேண்டியிருந்தது. 'முதல்' என்ற சண்டை இதில் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டபோது ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, தன் அப்பா அந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய கதையை மூன்று நிமிடம் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

சரிபார்க்க ஒரே விஷயத்தை இரண்டு வெவ்வேறு இடத்தில் பாருங்கள். ஒரு இணையதளத்தைப் பார்த்து இன்னொன்று எழுதியிருந்தால் அது இரண்டாகாது. அரசு அறிவிப்பு, கல்வெட்டுத் தொகுதி, நிறுவனத்தின் சொந்தப் பக்கம் இவற்றில் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் எங்கே பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தும் உச்சரிப்பும்

கேள்வியைத் திரையில் தமிழில் போடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். கேள்வியின் நடை பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். "கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது யாது" என்றால் பாதிப் பேருக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும்.

எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் எழுதினாலும், கன்னட எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தெந்த விடையை ஏற்பீர்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுங்கள். 'கோலார் தங்கவயல்' என்பதற்கு 'கேஜிஎஃப்' சரி, வெறும் 'கோலார்' என்றால் "இன்னும் குறிப்பாகச் சொல்லுங்கள்" என்று ஒரு வாய்ப்பு.

ஆறாம் படி: முதல் சுற்று, இறுதிச் சுற்று

எல்லா அணியும் எழுதும் முதல் சுற்றில் இருபது கேள்வி, இருபது நிமிடம். அதில் ஐந்து கேள்விக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். இரண்டு அணி சமமாக வந்தால் நட்சத்திரக் கேள்விகளில் யார் கூடுதலோ அவர்கள் உள்ளே. மேலே வந்த ஆறு அணிகள் மேடைக்கு.

மேடையில் பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு அணிக்கும் முறைவைத்து ஒரு கேள்வி, தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு என்பது. இதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. பலவீனமான அணிக்குப் பக்கத்தில் உட்காரும் அணிக்குத் தன் கேள்வியும் கிடைக்கும், பக்கத்து அணி விட்டதும் கிடைக்கும். உட்காரும் இடமே வெற்றியைத் தீர்மானித்துவிடும்.

வினாடி வினாவுக்குப் பெங்களூர் பெயர்பெற்ற ஊர். கர்நாடகா குவிஸ் அசோசியேஷன் 1983-லிருந்து இங்கே இயங்குகிறது. இங்கே போட்டிகளில் புழங்கும் முறையைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். கேள்வி முதல் அணியில் தொடங்குகிறது என்று வையுங்கள். ஒன்றும் இரண்டும் விட்டு, மூன்றாம் அணி சொல்லிவிட்டது. அடுத்த கேள்வி இரண்டாம் அணிக்கு இல்லை, நான்காம் அணிக்குப் போகும். யாருமே சொல்லாவிட்டால் சுற்றி வந்து தொடங்கிய அணிக்கே அடுத்த கேள்வி. பாதிக் கேள்வி முடிந்ததும் திசையை மாற்றி, ஆறிலிருந்து ஒன்றை நோக்கிப் போங்கள். இடத்தால் வரும் லாபம் அநேகமாகக் கரைந்துவிடும்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. தன் முறை வரும்வரை காத்திருக்காமல், விடை நிச்சயமாகத் தெரிந்த அணி துண்டுச் சீட்டில் எழுதி முதலிலேயே கொடுத்துவிடலாம். சரியென்றால் 10, தவறென்றால் 5 குறையும். சுற்றில் சாதாரணமாகச் சொன்னால் 10, தவறுக்குக் குறைப்பு இல்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டு முறைக்கும் bounce, pounce என்று வெவ்வேறு பெயர். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பவுன்ஸ்' என்றுதான் வரும். பிள்ளைகள் குழம்பியதால் நாங்கள் முதலாவதைச் 'சுற்று' என்றும் இரண்டாவதைப் 'பாய்ச்சல்' என்றும் சொல்கிறோம். "பாய்ச்சல்!" என்று ஒரு தாத்தா சீட்டைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்தபின் வேறு பெயர் வைக்க மனம் வரவில்லை.

மதிப்பெண் எழுத ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், சீட்டு வாங்க இரண்டு பேர். பஸ்ஸர் தேவையில்லை.

ஏழாம் படி: மேடையில்

முதல் இரண்டு கேள்வி எளிதாக இருக்கட்டும். எல்லா அணியும் ஒருமுறையாவது மதிப்பெண் வாங்கினால்தான் பதற்றம் தணியும். விடையைச் சொன்னதோடு அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். ஏன், எப்படி என்று அரை நிமிடம் சொல்லுங்கள், ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது அதைத்தான். எந்த அணிக்கும் தெரியாத கேள்வியை உடனே சபைக்குக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு.

தகராறு வந்தால் குரலை உயர்த்த வேண்டாம். குறித்து வைத்த சான்றைக் காட்டுங்கள். நீங்கள் தவறு என்றால் அங்கேயே ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்துங்கள். இரண்டு விடைக்கும் இடம் இருக்கிறது என்றால் கேள்வியை ரத்துசெய்துவிட்டுக் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுங்கள்.

கையோடு எடுத்துப் போக சில கேள்விகள்

தயாரிக்க நேரமில்லாதவர்கள் இவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: காவிரி மூன்று இடத்தில் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்ந்து தீவாகிறது. மூன்று தீவிலும் ஒரே பெருமாள் படுத்திருக்கிறார். மூன்று ஊர்கள் எவை?
விடை: ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம், ஸ்ரீரங்கம். ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்பார்கள்.

கேள்வி: 2009 ஆகஸ்ட் 9 அன்று ஈரடியில் எழுதிய ஒருவர் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாகத் திறக்கப்பட்டார். நான்கே நாளில், மூவடியில் எழுதிய ஒருவர் சென்னை அயனாவரத்தில் சிலையானார். இருவரும் யார்?
விடை: திருவள்ளுவர், கன்னடக் கவிஞர் சர்வக்ஞர். வள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடிக் கிடந்த பிறகே திறக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் சிலை 95 அடி, பீடம் 38 அடி. ஏன் இந்தக் கணக்கு?
விடை: கூட்டினால் 133, குறளின் அதிகாரங்கள். அறத்துப்பால் 38 அதிகாரம், அதன்மேல் நிற்பவை பொருளும் இன்பமும், 70 கூட்டல் 25.

கேள்வி: லால்பாக் தோட்டத்தை ஹைதர் அலி 1760-ல் தொடங்கினார். அங்கே இருக்கும் எல்லா மரத்தையும் கட்டடத்தையும்விட வயதில் மூத்தது எது?
விடை: நடுவே இருக்கும் பாறைக் குன்று. வயது சுமார் 300 கோடி ஆண்டு. பிள்ளைகள் அதன்மேல்தான் ஏறி விளையாடுகிறார்கள்.

கேள்வி: டொம்லூர் சொக்கநாதர் கோயிலில் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் பெயர் அவற்றில் 'தோம்பலூர்' என்று வருகிறது. கல்வெட்டு எந்த மொழியில்?
விடை: தமிழில். கோயிலுக்குப் போகும்போது வாசல் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள் என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: 1578-ல் கொல்லத்தில் 16 பக்கத்தில் ஒரு புத்தகம் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். ஜன்னலும் சாவியும் கொடுத்தவர்களோடு வந்த பாதிரியார் செய்த வேலை. எந்த மொழி?
விடை: தமிழ். நூல் 'தம்பிரான் வணக்கம்', செய்தவர் என்ரீக்கே என்ரீக்கசு. 'முதல்' என்ற சொல் இருப்பதால் "என்று சொல்கிறார்கள்" என்பதை விடாமல் படியுங்கள்.

கேள்வி: டிசம்பரில் பெங்களூரில் இட்லி மாவை ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காமல் அப்படியே இருக்கும். யார் வேலைக்கு வரவில்லை?
விடை: மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள். குளிரில் அவற்றின் வேகம் குறைந்துவிடும், மாவை உப்ப வைக்கும் கரியமில வாயுவும் குறையும்.

கேள்வி: ஐந்திணையில் மலைக்குப் பெயர் கொடுத்த பூ. நீலகிரியில் 2006-லும் 2018-லும் மலை முழுக்கப் பூத்தது. பூவின் பெயரைச் சொல்லுங்கள். இந்தக் கணக்குப்படி அடுத்து அதைப் பார்க்கும்போது உங்கள் வயது என்ன இருக்கும்?
விடை: குறிஞ்சி, 2030. வயதை அவரவரே சொல்லட்டும்.